நான்கு மரங்களின் ஏழு படங்கள்

கூரை விளிம்பிலிருந்து விழுந்த முதல் சொட்டை அந்த வீட்டில் யுசுகிதான் கேட்டாள். கண்ணைத் திறக்காமல் படுத்தபடியே கேட்டாள். டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல. இரண்டு மாதமாகக் கூரையில் ஏறி உட்கார்ந்திருந்த பனி உருக ஆரம்பித்துவிட்டது. ஊரே காத்துக் கிடந்த சத்தம் அது. யுசுகி மட்டும் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்தபோது அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பாருடி, காத்து சுடுது! தெக்குக் காத்து! இனிமே ஜட்டியெல்லாம் அடுப்பு பக்கத்துல காயப்போட வேண்டாம்."

"அதுக்குள்ள ஆடாத," என்றார் அப்பா. நகராட்சிப் பனிவாரி வண்டி ஓட்டுகிறவர். விடியும்வரை ஓட்டிவிட்டு வந்து, மிசோ சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பத்து மணிக்கு மேல மழை வேற இருக்காம். இன்னிக்கு ஒரே நாள்ல பனி ஒரு முழம் அமுங்கிடும்."

"அமுங்கினா நல்லதுதானே?"

"உனக்கு நல்லது. ஆப்பிள் வச்சிருக்கிறவனைப் போய்க் கேளு, அழுவான்." அப்பா யுசுகியைப் பார்த்துச் சிரித்தார். "நல்லவேளை, நருமி தோட்டத்துக்கு நம்ம பொண்ணு இருந்தா. பத்தொம்பது மரம்! தனியாளா! டிப்போல சொன்னேன், ஒருத்தனும் நம்பல."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும்தான்."

யுசுகி சோற்றை வாயில் வைத்தாள். மிச்சத்தை மூடி வைத்தாள்.

பனி மேலிருந்து மட்டும் உருகினால் கவலையில்லை. ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கும் பனி, காற்று சூடானதும் ஈரமாகி, கனத்து, அப்படியே கீழே உட்காரும். ஆப்பிள் மரத்தின் தாழ்ந்த கிளைகள் அதற்குள் புதைந்து கிடக்கும். பனி அமுங்கும்போது கிளையையும் பிடித்துக் கீழே இழுக்கும். அடிமரத்தோடு சேரும் கவட்டில் கிளை பிளந்துவிடும். அதனால் தெற்குக் காற்று வருவதற்குள் ஒவ்வொரு கிளையாகத் தோண்டி எடுத்து விட்டுவிட வேண்டும். இவாகி மலையடிவாரத்தில் ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். யுசுகிக்குப் பதினாறு வயது.

நருமி தனியாகத் தோட்டம் வைத்திருக்கும் பெண். நாற்பத்தைந்து வயது. பக்கத்து வீடு. "அத்தைன்னு கூப்பிட்டா ஒரு ஆப்பிள் கிடையாது, அக்கான்னு கூப்பிடு" என்று யுசுகியை மூன்று வயதிலிருந்து மிரட்டி வைத்திருந்தவள். பிப்ரவரி முதல் வாரம் கொட்டகைக் கூரையில் பனி தள்ளும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போதுகூட அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. "கிளை, கிளை" என்றாள். "நான் பாத்துக்கறேன் அக்கா," என்றாள் யுசுகி. அப்போது அது பொய் இல்லை.

முதல் சனிக்கிழமை நான்கு மரம் தோண்டினாள். நெஞ்சளவு பனி. கை மரத்து, முதுகு விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அடுத்த சனிக்கிழமை தோழிகளோடு டவுனுக்குப் போய், மைக் பிடித்துப் பாட வாடகைக்குக் கிடைக்கும் பாட்டு அறையில் பாடிக்கொண்டிருந்தபோது நருமி போன் செய்தாள்.

"என்னடி, முடிஞ்சுதா?"

பின்னால் பாட்டுச் சத்தம். யுசுகி வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தினாள். "ம். முடிஞ்சுது."

அவ்வளவுதான். நாளைக்குச் செய்துவிட்டால் பொய் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு மறுபடி பனி கொட்டியது. அதற்கடுத்து ஆண்டுத் தேர்வு. நடுவில் நருமி, "ஒரு போட்டோ அனுப்பேன், பாத்தா நிம்மதியா தூங்குவேன்" என்று கேட்டாள். யுசுகி தோண்டியிருந்த நான்கு மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து ஏழு படம் எடுத்து அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கரடி குதித்துக் கும்பிடும் படம் வந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கூட்டுறவுச் சங்கத்து ஒசனாய் நான்கு ஆட்களோடு ஆஸ்பத்திரிக்கே போய், "உங்க தோட்டத்தைத் தோண்டித் தர்றோம்" என்று கேட்டிருக்கிறான். நருமி, "எங்களுது ஆச்சு, வேற யாருக்காவது போங்கப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். இதை அப்பாதான் பெருமையாக வந்து சொன்னார்.

இன்றைக்கு யுசுகி பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி, இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினாள்.

நருமியின் கொட்டகையில் மண்வாரியும் ரம்பமும், பனியில் கால் புதையாமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் வளையங்களும் இருந்தன. கட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். பனி காலை விடவில்லை. போன வாரம் மாவுபோல இருந்தது இப்போது ஊறிய சோறுபோல ஒட்டியது. தோட்டம் அமைதியாகத்தான் இருந்தது. மேலிருந்து பார்த்தால் மரங்கள் இடுப்புவரை போர்த்திக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஐந்தாவது மரத்தில் ஆரம்பித்தாள். கிளையைப் பிடித்து மேலே இழுக்கக் கூடாது, அடியில் தோண்டிப் பனியைக் கட்டி கட்டியாக அறுத்து எடுக்க வேண்டும் என்று நருமி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவசரத்தில் இழுத்தாள். விரல் தடிமன் கிளை ஒன்று கையோடு வந்துவிட்டது. அதில் மொட்டுகள் வரிசையாக இருந்தன. அதைப் பனியில் குத்தி வைத்தாள், ஏதோ மறுபடி பிழைத்துவிடும் என்பதுபோல. அப்புறம் தனக்கே அசிங்கமாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் இரண்டு மரம். மழை தூற ஆரம்பித்தது. இன்னும் பதின்மூன்று.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. யாரோ பக்கத்து அறையில் விரலைச் சொடக்கினமாதிரி. அப்புறம் நீளமாக ஒரு கிழிசல்.

வரிசையின் நடுவில் இருந்த பெரிய மரம். நருமி அதற்குத் 'தலைவர்' என்று பெயர் வைத்திருந்தாள். "சங்கத் தலைவர் மாதிரியே வயிறு, பாரு. ஆனா இவரு வேலை செய்வாரு." தோட்டத்தில் அதிகம் காய்ப்பது அதுதான். யுசுகி விழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். தொடை தடிமன் கிளை, கவட்டிலிருந்து முழ நீளத்துக்குப் பிளந்து தொங்கியது. உள்ளே மரம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. லேசாக இனிப்பு வாசனை வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளவு இன்னொரு விரல் நீண்டது. அவள் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். கிளை அவளையும் சேர்த்து அமுக்கியது.

தனியாகச் செய்தால் சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு மரம் செய்யலாம். ஒருவருக்கும் தெரியாது. பிளந்ததற்குப் பனிமேல் பழி போட்டுவிடலாம்; தோண்டிய மரத்திலும் சிலசமயம் பிளக்கும்தான். யுசுகி அதையும் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள் என்றுகூடச் சொல்லலாம். தோளில் தலைவர், கையில் போன், மழை கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ மேல் வரிசையில் மறுபடி ஒரு சொடக்கு.

ஒசனாயைக் கூப்பிட்டாள்.

"ஏய் யுசுகி, ஸ்கூல் இல்லையா? கட் அடிச்சுட்டியா?"

"அண்ணா, நருமி அக்கா தோட்டத்துக்கு வரீங்களா? இப்பவே."

"அங்க எதுக்கு? அதான் முடிஞ்சுதே. அக்காவே சொன்னாங்களே."

"முடியல. நான் பொய் சொல்லிட்டேன். நாலுதான் செஞ்சேன். தலைவர் பொளந்துட்டாரு."

போனில் வண்டியின் துடைப்பான் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

"மிச்சம் எத்தன?" என்றான் ஒசனாய்.

"பதிமூணு."

"முட்டுக் கொடுத்துட்டு நில்லு. வரோம்."

ஆறு பேர் வந்தார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வந்ததும் ஆளுக்கொரு வரிசை பிரித்துக்கொண்டு, வாய் பேசாமல் தோண்டினார்கள். கிமுரா என்கிற பெரியவர் மட்டும் ஒரு மரத்தைத் தாண்டிப் போகும்போது, யாரிடமும் இல்லாமல், "அன்னிக்கு இந்தப் பசங்க இங்க வராம என் தோட்டத்துக்கு வந்தாங்க. என் மரம் ஒண்ணுகூட உடையல" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். அது அவளுக்குச் செருப்பால் அடித்தமாதிரி இருந்தது. அவர் குத்திக்காட்டவில்லை என்பதும் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கடைசி மரம் வெளியே வந்தது. அவள் தோண்டாமல் விட்ட பதினைந்தில் ஐந்து பிளந்திருந்தன. பிளந்த கிளைகளைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, துளை போட்டு நீளமான போல்ட்டு முடுக்கி, பிளவின் வாயில் பசை பூசினார்கள். தலைவருக்கு மூன்று போல்ட்டு.

"பிழைக்குமா அண்ணா?"

"ரெண்டு பிழைக்கும். தலைவர்..." ஒசனாய் கையிலிருந்த பசையைப் பனியில் துடைத்தான். "நீயே போய் அக்காகிட்ட சொல்லு. எங்க வாயால அவங்க கேக்கக்கூடாது. எங்க ஆளுங்க ராத்திரிவரைக்கும் சொல்ல மாட்டாங்க. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

ஈரத் துணியோடு பஸ் ஏறினாள்.

நருமி ஜன்னலோரக் கட்டிலில் கால் கட்டோடு சாய்ந்திருந்தாள். வெளியே ஆஸ்பத்திரிக் கூரையும் சொட்டிக்கொண்டிருந்தது. யுசுகியை, அவள் நனைந்த காலுறையை, கையிலிருந்த கொப்புளங்களைப் பார்த்தாள்.

"அத்தை," என்றாள் யுசுகி. அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நருமி திருத்தவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். டவுன், பாட்டு, 'ம், முடிஞ்சுது', ஏழு படம், ஐந்து மரம். அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள், அழுதாள்.

"தலைவரா?"

"ம்."

"எந்தக் கை?"

"கெழக்குப் பக்கம். பெருசு."

நருமி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, தேய்த்துத் தேய்த்து ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது மூணாவது அனுப்பினது. அடிமரத்துல தொப்புள் மாதிரி முடிச்சு இருக்கு, பாரு." இன்னொன்றைக் காட்டினாள். "இது ஆறாவது. அதே தொப்புள். பதினெட்டு வருஷமா அந்த மரத்தைக் கத்திரிக்கிறேன். எனக்குத் தெரியாதாடி?"

யுசுகிக்கு அழுகை நின்றுவிட்டது.

"அன்னிக்கு ராத்திரியே தெரியும்," என்றாள் நருமி. "அடுத்த நாள் ஒசனாய் வந்தான். முடிஞ்சிருச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"ஏன்க்கா?"

"ஒரே மரத்தை நீ தெரியாம ரெண்டு தடவை எடுத்திருப்பேன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன். உன்னைக் கேட்டா நீ பொய் சொன்னது நிஜமாயிடும்ல." போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். "காலைலேர்ந்து இந்தச் சொட்டு. காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருக்கேன். அந்த ஜன்னலைச் சாத்து."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. யுசுகி திரையை இழுத்துவிட்டாள். சத்தம் குறையவில்லை.

"உன்மேல கோவம் இருக்கு," என்றாள் நருமி. "நெறைய இருக்கு. என்மேலயும் இருக்கு. எது எவ்வளவுன்னு இப்ப பிரிக்க முடியல. நீ போ."

கதவுவரை போனவளைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குப் போய் போட்டோ எடு. பத்தொம்பது மரம், பத்தொம்பது போட்டோ. பொளந்ததையும் சேத்து. ஒரே மரத்தை ரெண்டு தடவை எடுத்தே, கட்டிலேர்ந்து எறங்கி வந்து உதைப்பேன்."

இரவு சாப்பாட்டின்போது யுசுகி அப்பாவிடம் சொன்னாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "டிப்போல நானே சொல்லிக்கறேன்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோட்டத்துக்குப் போனாள். பனி தொடையளவுக்கு இறங்கியிருந்தது. முதல் மரத்திலிருந்து வரிசையாக எடுத்து ஒவ்வொன்றாக அனுப்பினாள். தலைவர்முன் நின்று, போல்ட்டு மூன்றும் தெரியும்படி எடுத்தாள். பத்தொன்பது படமும் பார்க்கப்பட்டதாகக் காட்டியது. பதில் இல்லை. கரடி வரவில்லை.

வளையங்களைக் கழற்றும்போது போன் அதிர்ந்தது.

"பதினொண்ணாவது மரம். இடது ஓரம். ஒரு நுனி இன்னும் உள்ள மாட்டியிருக்கு."

யுசுகி வளையங்களை மறுபடி கட்டிக்கொண்டு மண்வாரியை எடுத்தாள்.