பதினஞ்சாம் நம்பர் முள்ளு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் முகத்தில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது என்பார் கஸ்பார். சோறு தின்றாலும் போன், தெருவில் நடந்தாலும் போன், கோவிலில் முழங்கால் போட்டாலும் சட்டைப்பைக்குள் அது நடுங்கிக்கொண்டு கிடக்கும். எவனாவது கடலில் விழுந்தால் படம் பிடித்து முடித்த பிறகுதான் கயிறு வீசுவார்கள். மணப்பாட்டில் இதை அவர் வாயால் கேட்காத ஆள் கிடையாது. அவர் டாக்டரை நம்பமாட்டார், வானிலை அறிவிப்பை நம்பமாட்டார், மூன்றாம் வகுப்போடு விட்டுவந்த பள்ளிக்கூடத்தையும் நம்பினதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் முருங்கை நிழலில் பலகை போட்டு உட்கார்ந்து தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். மருமகள் பிலோமி புறவாசல் படியில் உட்கார்ந்து, கப்பல் வேலைக்குப் போயிருக்கும் புருசன் கிளைட்டனோடு போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, சோறு குழையுது பாரு. அவன் கப்பல் எங்கயும் ஓடிராது."

"சோத்தை எப்பமோ வடிச்சாச்சு மாமா. ஒரு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் சிக்னல் கிடைச்சிருக்கு. ரெண்டு நிமிசம்."

பேரன் ரெனிஷுக்கு இரண்டரை வயது. தாத்தா செய்வதையெல்லாம் செய்வான். அவர் காறினால் இவனும் காறுவான். அவர் சாரத்தை மடித்துக் கட்டினால் இவன் டவுசரை மேலே ஏற்றிவிடுவான். அதில் கஸ்பாருக்குப் பெருமைதான்.

தூண்டில் கட்ட இரண்டு கையும் வேண்டும். தங்கூசி என்கிற நைலான் நரம்பை இழுத்து முடிச்சுப் போடும்போது அடுத்த முள்ளை எங்கே வைப்பது? கஸ்பார் உதட்டில் வைப்பார். ஐந்தாறு முள்ளை உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுவார். வாயில் முள் இருக்கும்போதே மருமகளை வையவும் செய்வார். அறுபது வருசப் பழக்கம், ஒருநாளும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

நரம்பு தீர்ந்துபோனது. வாயில் இருந்ததைப் பலகையில் துப்பிவிட்டுப் புதுச் சுருள் எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது ரெனிஷ் பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு நரம்புத் துண்டை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தான். உதடு குவிந்திருந்தது. நடுவில் ஏதோ மின்னியது. அவர் கை நீட்டுவதற்குள் அவன் "தாத்தா" என்றான். வாய் திறந்தது. ஒரு இருமல், ஒரு விக்கல், கண்ணில் தண்ணீர். அவ்வளவுதான்.

பலகையில் ஆறு முள் துப்பியிருந்தார். இப்போது ஐந்து கிடந்தது.

அவர் விரலை விட்டுத் துழாவினார். பால்பல்தான் தட்டுப்பட்டது.

"போனைப் பாத்துக்கிட்டு இருந்தல்லா," என்றார் பிலோமியிடம். முதலில் வாயில் வந்தது அதுதான். அவளும் அதை அப்படியே வாங்கிக்கொண்டாள். தலையில் அடித்துக்கொண்டே தெருமுனை நர்சம்மா ஜெப்ஸிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ரெனிஷ் முள்ளு முழுங்கிட்டான்."

"பெரிய முள்ளா, சின்ன முள்ளா?"

"சின்னதுதான்க்கா."

"மூச்சு நல்லா விடுதானா? பேசுதானா?"

"பேசுதான். அழுதான்."

"அப்ப பயப்படாத. ஒரு உருண்டை சோறு முழுங்க வை, அதோட இறங்கிரும். நான் இந்தா வாரேன்."

ஜெப்ஸி நாசரேத்துக்காரி. மணப்பாட்டுக்கு வந்து ஒரு வருசம்தான் ஆகிறது. அவள் ஊரில் மத்தியான நேரத்தில் பிள்ளை முள்ளு முழுங்கிவிட்டான் என்றால் அது சாளை மீன் முள்ளு. கஸ்பார் வீட்டில் முள்ளு என்றால் தூண்டில் முள்ளு. மீனுக்குள் இருக்கிற முள்ளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசினதே இல்லை, அதைத் துப்பத் தெரியாத ஆள் அங்கே கிடையாது.

கஸ்பார் சோறு ஊட்டியது நர்சு சொன்னதால் இல்லை. அவர் கணக்கே வேறு. கையில் முள் ஏறினால் பின்னால் இழுக்கக் கூடாது. முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி ஒரு சின்னப் பல் இருக்கிறது, இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். முன்னால் தள்ளி, அந்தப் பக்கம் முனையை வெளியே எடுத்து, பல்லை நறுக்கிவிட்டு உருவவேண்டும். அவர் பெருவிரலில் அப்படி எடுத்த தழும்பு மூன்று இருக்கிறது. முன்னால் தள்ளவேண்டும், அதுதான் வழி. சோற்றைப் பெரிய உருண்டையாக உருட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு வாழைப்பழம். பிள்ளை விக்கி விக்கித் தின்றான்.

ஜெப்ஸி வந்து பிள்ளையின் தொண்டையைப் பார்த்தாள். பிறகுதான் பலகையைப் பார்த்தாள். ஒரு முள்ளைக் கையில் எடுத்தாள்.

"இந்த முள்ளா?"

"பின்ன எந்த முள்ளு? பதினஞ்சாம் நம்பரு," என்றார் கஸ்பார்.

அவள் முள்ளைப் பலகையில் போட்டாள். "இனி ஒண்ணும் கொடுக்காதிய. தண்ணிகூட வேண்டாம். வாந்தி எடுக்க வச்சிராதிய, மேல வரும்போது மாட்டும். உடனே தூத்துக்குடிக்குப் போங்க."

குலசேகரன்பட்டினத்துச் செல்லப்பாண்டியின் வாடகைக் கார் வந்தது. கஸ்பார் பின்சீட்டில் பேரனை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அதுவரை அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் வயிற்றுக்கு மேல் கையைப் பொத்திப் பிடித்தார். கை வெளியே இருந்தது, முள் உள்ளே இருந்தது.

"மெதுவா ஏத்துல."

"மெதுவாப் போனா லேட்டாவும் பாட்டையா. சீக்கிரம் போனா குலுங்கும். எதுன்னு சொல்லுங்க, அப்படி ஓட்டுதேன்."

ஆத்தூர்ப் பாலம் வருகிறவரை ரெனிஷ் தண்ணி தண்ணி என்று அழுதான். பிலோமியின் மடியில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் அதைக் காலுக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் தாண்டியதும் அழுகை நின்றது. தூங்குகிறானா, மயங்கிவிட்டானா என்று கஸ்பார் உலுக்கினார். மறுபடி அழுதான். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். பேரனின் விலா எலும்புக்குக் கீழே அவருடைய முள். நரம்பு கட்டும் தலை, தண்டு, வளைவு, முனை. இருட்டிலும் கைதடவிச் சொல்லிவிடக்கூடிய சாமான். அதைச் சுற்றி ஒரு பிள்ளை இருப்பதைத்தான் அவர் பார்த்ததில்லை.

"இரைப்பையிலதான் கிடக்கு. வாய் வழியா குழாய் விட்டு எடுத்திரலாம்," என்றாள் டாக்டரம்மா. "எப்ப சாப்பிட்டான்?"

"ஒரு மணிக்கு," என்றாள் பிலோமி. "மூணு உருண்டை சோறு. ஒரு பழம்."

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தாள். "இப்ப மயக்கம் கொடுத்தா அந்தச் சோறு மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிரும். ஏழு மணி வரைக்கும் பொறுக்கணும். மீன் முள்ளா இருந்தாக்கூட சோறு கொடுக்கக் கூடாது."

"முள்ளைப் பின்னால இழுக்கக் கூடாதும்மா," என்றார் கஸ்பார். பெருவிரலை நீட்டித் தழும்பைக் காட்டினார். "கிழிச்சிரும். எனக்குத் தெரியும்."

"முனையை ஒரு ரப்பர் மூடிக்குள்ள அடக்கிட்டுத்தான் எடுப்போம் தாத்தா. ஒண்ணும் கிழிக்காது."

அவர் அதை நம்பவில்லை. ஆனால் ஏழு மணி எப்போது வரும் என்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புயலில் வள்ளம் கவிழ்ந்தபோது பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தவர் அவர். அப்போதுகூட உதைக்கக் காலும் பிடிக்கப் பலகையும் இருந்தது. இங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது.

ஏழு மணிக்கு மறுபடி எக்ஸ்ரே. முள் இரைப்பையில் இல்லை. குடலுக்குள் இறங்கிவிட்டது.

"குழாய் அவ்வளவு தூரம் போகாது," என்றாள் டாக்டரம்மா. "இனி தானா வருதான்னு பாக்கணும். தினமும் படம் எடுப்போம். ஒரே இடத்துல நின்னுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு கல்லு மாதிரி ஆனாலோ, திறந்துதான் எடுக்கணும்."

"அதுவரைக்கும் என்ன செய்யணும்?"

"பாத்துக்கிட்டு இருக்கணும்."

அதுதான் அவரால் ஆகாத வேலை. புதன்கிழமை முழுவதும் பேரனின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எது கல்லு, எது பிள்ளை வயிறு என்பதே குழம்பிப்போனது. ரெனிஷ் வெளிக்கிருந்ததைப் பேசினில் பிடித்து, தண்ணீர் ஊற்றி, குச்சியால் கலைத்துத் தேடுவதை மட்டும் யாரிடமும் விடவில்லை. அந்த ஒரு வேலைதான் அவருக்குக் கிடைத்தது. மூன்று தடவை தேடினார். வெறும் சோற்றுப் பருக்கை.

"மூக்கைக்கூடப் பொத்தமாட்டேங்கீங்களே தாத்தா," என்றாள் வார்டு நர்சு இந்துமதி. "ஆமா, இத்தனூண்டு பிள்ளைக்கு இதை வாயில வைக்க எப்படித் தோணுச்சு? மிட்டாய் மாதிரிகூட இல்லையே."

கஸ்பார் குச்சியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தாத்தா வைப்பாங்க," என்றாள் பிலோமி. குரலில் கோபம் இல்லை. "தினமும் பாக்கான்லா."

முதல்நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழியை அவள் தலையில் அவர் போட்டபோதும் தெரிந்துதான் வாங்கியிருக்கிறாள். அவர் குழாயைத் திறந்து, கழுவிய குச்சியையே மறுபடி கழுவினார்.

வியாழக்கிழமைப் படத்தில் முள் நேற்றைய இடத்திலேயே நின்றது. நாளைக் காலையும் நகராவிட்டால் ஆபரேசன் என்று ஒரு தாளை நீட்டினார்கள். பிலோமி கையெழுத்துப் போட்டாள். கிளைட்டன் போனில் வந்தான். "அப்பா, என்னப்பா சொல்லுதாங்க," என்றான். படம் அப்படியே உறைந்து நின்றது. திறந்த வாயோடு நின்ற மகனின் முகத்தைக் கஸ்பார் வெகுநேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ஆபரேசனுக்கு முன்னால் படம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகும் நேரத்தில் ரெனிஷ் முக்கினான். கஸ்பார் பேசினைத் தள்ளினார். குச்சி கலைக்கும்போது அடியில் கணீரென்று ஒரு சத்தம். தகரத்தில் ஆணி விழுந்த மாதிரி. அவர் குச்சியைப் போட்டுவிட்டுக் கையை விட்டே எடுத்தார். கறுத்துப்போயிருந்தது. வளையவில்லை, ஒடியவில்லை. கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்துமதி வந்து தோளைப் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு விட்டார்கள். டாக்டரம்மா அவரை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"தாத்தா, தப்பிச்சது அதிர்ஷ்டம். எங்க வேணும்னாலும் குத்தியிருக்கும். வெறும் வயித்தோட கொண்டுவந்திருந்தா அன்னைக்குச் சாயங்காலமே எடுத்திருப்போம், இந்த மூணு நாள் இல்ல. இனி யார் எதை முழுங்கினாலும் சோறு கொடுக்காதீங்க. என்ன சாமான்னு கையோட எடுத்துக் காட்டுங்க. வாயில முள்ளு வைக்கிறதையும் விட்டுருங்க."

"எந்த வழியா வந்துச்சு?" என்று கேட்டார் கஸ்பார்.

"என்ன கேக்கீங்க?"

"பின்னால இழுத்து வந்துச்சா, முன்னால தள்ளி வந்துச்சா?"

டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அடைப்பு, ஓட்டை, சீழ் என்று ஏதேதோ சொன்னாள். அவள் பேச்சில் தப்பு எங்கே என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொல்வது சரியாக இருந்தால், அந்த மூன்று நாளையும் அவர்தான் உருட்டி உருட்டி ஊட்டியிருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு மணப்பாடு வரைக்கும் போக அவரால் ஆகாது.

"தள்ளுனதுதான் வந்துச்சு," என்றார். "இழுத்திருந்தா கிழிச்சிருக்கும்."

அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கஸ்பார் திரும்பிப் படியிறங்கினார். கீழே செல்லப்பாண்டி கார்க் கதவைத் திறந்துவைத்திருந்தான். பிலோமியின் தோளில் ரெனிஷ் தூங்கிக்கொண்டிருந்தான், வாய் லேசாகத் திறந்திருந்தது. கஸ்பார் காரில் ஏறவில்லை. அந்தப் பிள்ளையின் வாயை ஒரு நிமிசம் பார்த்தார், பிறகு தன் உதட்டைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ரோட்டைத் தாண்டி நடந்தார்.