சிக்னல் இல்லாத மலை

ராகவியின் போனை என் வேலைச் சப்பாத்துக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அவளோடு சேர்ந்து நானும் பத்து நிமிடம் வீடெல்லாம் தேடினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தேன். எட்டு மாத வயிற்றோடு அவளால் குனிய முடியாது என்பதால் நடிப்பு சுலபமாக இருந்தது. கடைசியில் அவளே, கிடந்தால் கிடக்கட்டும், ஒருநாள் போன் இல்லாவிட்டால் உயிரா போய்விடும் என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டாள்.

உயிர் முந்தாநாளே போய்விட்டது. அவளுடைய அப்பா நவரத்தினம், கொக்குவில் வீட்டில், காலைத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே சரிந்துவிட்டார். செய்தி எனக்குத்தான் வந்தது. அவளுடைய தம்பி அனுஷன் அழுதுகொண்டே பேசினான்.

"அப்பா போயிட்டார் அத்தான். அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளை பிறக்கட்டும்."

அவளுடைய அம்மா, என் மாமியும் அதையே சொன்னார். பிள்ளைத்தாச்சிக்குச் செத்தவீட்டுச் செய்தி சொல்வதில்லை. எங்கள் ஆட்களிடம் அது எழுதாத சட்டம். எப்படியும் இந்த மாதத்தில் அவளை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், தெரிந்து என்ன செய்யப்போகிறாள் என்றும் கேட்டார். நான் தலையாட்டினேன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என் பழைய வியாதி. இரண்டு நாளாக அவளோடு சிரித்தேன், சாப்பிட்டேன், தொட்டிலுக்கு ஆணி இறுக்கினேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

இன்று இறுதிக் கிரியை. மரண அறிவித்தல் காலையிலேயே இணையத்தில் வந்துவிட்டது. இங்கே ஒக்லாண்டில் இருக்கிற சனமெல்லாம் அவளுக்குப் போன் எடுத்துத் துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் மான் பார்க்கப் போவோம் என்றேன். மங்கரேயில் என்னோடு சரக்கு ஏற்றும் கோயம்புத்தூர் கோகுல், மமக்கு மலைப்பாதையில் பொழுது சாயும் நேரம் காட்டு மான்கள் வெளியே வரும், ஏப்ரலில் கலைமான் உறுமுவதுகூடக் கேட்கும், ஆனால் சிக்னல் சுத்தமாகக் கிடைக்காது என்று சொல்லியிருந்தான். அவன் குறையாகச் சொன்ன அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இரண்டரை மணிநேரம் ஓட்டினேன்.

வழியில் மூன்று இடத்தில் கழிவறைக்கு நிறுத்தினோம். பிள்ளைக்குப் பெயர் யோசித்தபடி வந்தாள். மலை ஏற ஏற மரங்கள் ரோட்டை நெருங்கின. என் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

உச்சியில் பைன் மரங்களை வெட்டிய ஒரு வெளி இருந்தது. காரை ஓரங்கட்டி இறங்கினோம். ஐந்தரை மணி. வெளியின் அந்தக் கரையில், கொம்பும் தானுமாக ஒரு கலைமான் நின்றது. ராகவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. வீடியோ எடுக்க என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அப்பாவுக்குக் காட்டுவம். இப்ப அங்க காலமை பதினொரு மணி, வீட்டிலதான் இருப்பார்."

சிக்னல் இல்லை என்றேன். இரண்டு கோடு இருக்கிறதே என்று காட்டினாள். வெட்டவெளியில் எங்கிருந்தோ வந்து தொலைத்திருந்தது. இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மான் ஓடிவிடும், மெதுவாகப் பேசு என்றுதான் வந்தது.

கமராவை மான் பக்கம் திருப்பியபடி, வீடியோ அழைப்பில் அப்பாவின் பெயரை அழுத்தினாள். மணி போனது. அப்பாவின் போன் அனுஷனிடம் இருந்தது. கூப்பிடுவது நான் என்று நினைத்து எடுத்திருக்கிறான். முதலில் பறைச் சத்தம், பிறகு அவன் குரல்.

"அத்தான், இப்பத் தூக்கப்போறம். அக்கா பக்கத்தில இல்லையே?"

திரையில் அவன் தோளுக்குப் பின்னால் பந்தல், மாலைகள், பெட்டி.

ராகவி கத்துவாள், விழுவாள் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் விழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அனுஷனுக்கு அவள் முகம் தெரியாது. மான் மட்டும்தான் தெரிந்திருக்கும். அத்தான், அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நான்தான்ரா," என்றாள். "போனை அப்பாவின்ர முகத்துக்கு நேரே பிடி."

அவன் தேம்புவது கேட்டது. திரை ஆடி, மாலைகளைக் கடந்து நின்றது. நான் அவள் தோளைத் தொடப்போனேன், ஒதுங்கிக்கொண்டாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. மற்றக் கையை நீட்டி, போன் அசையாமல் பிடித்தபடி நின்றாள். வெளியின் அந்தக் கரையில் மான் தலை குனிந்து மேயத் தொடங்கியது.