அத்தான் சாய்ந்து நிற்க ஓர் அடுப்பு

இரும்பு அடுப்பு வாங்கப்போகிறேன் என்று தோரா அக்கா சொன்னபோது, கையிலிருந்த டீயை மடியில் கொட்டிக்கொண்டேன்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இப்பத்தான் அந்தப் பூதத்துக்கிட்டருந்து தப்பிச்சு வந்திருக்க!"

பூதம் என்று நான் சொன்னது பண்ணை வீட்டு அடுப்பை. வார்ப்பிரும்பு, நாலு கதவு, படுத்திருக்கும் பசுவின் அகலம். கோடையோ குளிரோ, அணையவே கூடாது. காலையில் ஒரு வாளி நிலக்கரி, மாலையில் ஒரு வாளி, நடுவில் சாம்பல் அள்ள வேண்டும். அத்தானுக்கா அடுப்புக்கா, யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று தெரியாத அளவுக்கு அக்கா அதற்கு உழைத்தாள். போன இலையுதிர் காலத்தில்தான் மகன் ஏடமிடம் பண்ணையையும் ஆடுகளையும் ஒப்படைத்துவிட்டு, அவளும் கிட் அத்தானும் ஊருக்குள் மாடியில்லாத வீடு ஒன்றுக்கு வந்தார்கள். விரலால் தொட்டால் எரிகிற மின்அடுப்பு, சுவரோடு ஒட்டிய ஹீட்டர். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"கிட் பேச மாட்டேங்கிறான்டி, நெல்," என்றாள் அக்கா.

"அத்தான் எப்பப் பேசினாரு?"

"அடுப்புக்கிட்ட நின்னாப் பேசுவான்."

அதை மறுக்க முடியாது. எங்கள் யார்க்‌ஷயர் மலைப்பக்கத்து ஆண்களை நாற்காலியில் உட்காரவைத்து மனதில் இருப்பதைக் கேட்டால், கிணற்றில் போட்ட கல்தான். அத்தான் மழையில் நனைந்து உள்ளே வருவார். தொப்பியைக் கழற்றி அடுப்பின் அடியறைக்குள் காயப் போடுவார். குளிரில் விறைத்த ஆட்டுக்குட்டிகளை உயிர்ப்பிக்கிற அறை அது. பிறகு திரும்பி, துணி காயப்போடுகிற முன்பக்கக் கம்பியில் பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். அப்புறம்தான் பேச்சு வரும். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அக்காவைக் கேட்டதும், தன் அம்மா பிழைக்க மாட்டாள் என்று சொன்னதும் அப்படித்தான். கேட்கிறவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் வாய் மூடிவிடும்.

"இப்ப வாசல்ல கார்ல உக்காந்து ரேடியோ கேக்குறான். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ போனான். என்னய்யா சொன்னாங்கன்னா ஒண்ணுமில்லங்கிறான். இந்த வீட்ல அவனுக்கு நிக்க ஒரு எடம் இல்லடி."

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், அவள் கேட்டது அடுப்பை இல்லை.

சனிக்கிழமை மூவரும் என் காரில் ரிச்மண்டுக்குப் போனோம். வழியெல்லாம் மழை. அத்தான் பின்சீட்டில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்ளோ பெரிய அடுப்பு? முட்டை அவிக்கவா?"

"உன்ன அவிக்கத்தான். பேசாம வா," என்றாள் அக்கா.

கடையில் பச்சை, நீலம், வெண்ணெய் நிறம் என்று அடுப்புகள் பளபளவென்று வரிசையாக நின்றன. டை கட்டிய ஒருவர் நிறங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தளத்துக்குக் கீழே கான்கிரீட் போட வேண்டும், புகைபோக்கி கட்ட வேண்டும் என்றும் சொன்னார். அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

அத்தான் ஒரு பச்சை அடுப்பின் அடியறையைத் திறந்து, சொட்டச் சொட்ட நனைந்த தொப்பியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். திரும்பினார். கம்பியில் சாய்ந்தார். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. அது அவருக்கு உறைக்கவே இல்லை.

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அக்கா சட்டென்று பக்கத்து அடுப்பின் முன் குனிந்து, கதவைத் திறந்து திறந்து மூடினாள். உருளைக்கிழங்குக்குப் பதில் அது.

"இது வேணாம், தோரா," என்றார் அத்தான் தரையைப் பார்த்து.

"ஏன்?"

"தெனம் ரெண்டு வாளி. யாரு தூக்குவா?"

"இத்தன நாள் யாரு தூக்கினா? நாந்தானே?"

"இடுப்பு நல்லாருந்தப்பத் தூக்கின. அப்பவும் முடியாதப்ப நான் இருந்தேன்." பூட்ஸ் நுனியால் தரையைத் தேய்த்தார். "என் இதயம் நைஞ்சுபோச்சாம். ஆபரேஷனுக்குத் தாங்காதாம். எவ்வளவு நாள்னு அவங்களுக்கே தெரியல. நான் போனப்புறம் நீ தனியா இந்த இரும்புக்குத் தீனி போட்டுக்கிட்டுக் கெடக்கக் கூடாது. அந்தப் பொத்தான் அடுப்பே இருக்கட்டும்."

அக்கா அடுப்புக் கதவைத் திறந்தாள், மூடினாள். அவள் தோள் குலுங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கடைக்காரரிடம் போனாள்.

"இந்தக் கம்பி மட்டும் தனியாக் குடுப்பீங்களா?"

"கம்பி மட்டுமா? அடுப்பு?"

"அடுப்பு வேணாம். கம்பி போதும்."

கொடுத்தார். இந்தக் குடும்பம் சீக்கிரம் வெளியே போனால் சரி என்று நினைத்திருப்பார். பாதி வழியில் அத்தான் தலையைத் தடவிப் பார்த்தார். தொப்பிக்காக மறுபடி போய், அதே ஆளின் முகத்தில் விழித்தோம்.

மறுநாள் ஏடம் வந்து சமையலறைச் சுவரில், ஹீட்டருக்குச் சற்று மேலே அந்தக் கம்பியைத் திருகாணி போட்டு மாட்டிக் கொடுத்தான். "அடுப்பில்லாத கம்பியா? ஊரே சிரிக்கும்," என்று அத்தான் சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். அதில் துணி காயப்போட்டுவிட்டு அக்காவும் சும்மா இருந்தாள்.

வியாழக்கிழமை நான் போயிருந்தபோது நல்ல மழை. அக்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அத்தான் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஹீட்டருக்கு முன் குனிந்தார்; கதவு இல்லை என்று கண்டு தொப்பியைக் கம்பியில் மாட்டினார். பிறகு திரும்பினார். மெல்லச் சாய்ந்து பார்த்தார். கம்பி தாங்கியது.

நான் என் டீயைப் பார்த்தேன். அக்கா உருளைக்கிழங்குத் தோலைப் பார்த்தாள்.

"தோரா."

"ம்."

"எனக்குப் பயமாருக்கு."

அக்கா நிமிரவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

"எனக்குந்தான்," என்றாள். "மேல சொல்லு."

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மழை டீயில் விழுந்தது. உள்ளே அத்தான் பேசிக்கொண்டிருந்தார்.