மூடி கழற்றிய பெட்டி

பாதர் றெஜி படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டபோது கிளறன்ஸ் கடைசித் திருகாணியையும் கழற்றிவிட்டார். கொம்பியூட்டர்ப் பெட்டியின் பக்க மூடியைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். உள்ளே வயர்களுக்கு நடுவில் ஒரு காற்றாடி தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. மருமகள் ரொஷேல் குசினியில் கட்லற் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மகன் ஜெனிஸ்டன் வான் வாங்கியபோது பொனற்றைத் திறந்து வைத்துத்தானே தீர்த்தம் தெளித்தார்கள். தகரத்தில் தெளித்துவிட்டு எஞ்சினை விட்டுவிட்டால் அது என்ன ஆசீர்வாதம்?

அந்தப் பெட்டி பல வருடமாகக் கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தை மூலையில், சேலைத் துண்டால் மூடப்பட்டுச் சும்மா கிடந்தது. அதற்குள் ஒரேயொரு பெறுமதியான பொருள் இருந்தது. கிளறன்ஸின் தாய் தகப்பனின் கலியாணப் படம் முதல் கொண்டு குடும்பத்தின் பழைய படங்கள் அத்தனையும். படங்கள் ஒட்டியிருந்த அல்பத்தை, தம்பி பிறெடி கனடாவுக்குப் போகும்போது எவ்வளவோ கேட்டும் அவர் கொடுக்கவில்லை. மூத்தவன் வீட்டில்தான் அது இருக்கவேண்டும் என்றார். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டுக்குப் பயப்படாத கறையான் அதைத் தின்று தீர்த்தது. மகள் றேணுகா முன்கூட்டியே எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி வைத்ததால் மானம் தப்பியது. ஆனால் பிறெடியின் வாய் தப்பவிடவில்லை. "அண்ணை கறையானுக்கு நல்லாச் சாப்பாடு போடுவார்" என்று ஸ்காபரோவில் இருக்கும் சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருந்தான்.

இப்போது பிறெடியின் மகளுக்குக் கலியாணம். மண்டப வாசலில் அப்பப்பா, அப்பம்மா படத்தைப் பெரிதாக்கி வைக்கவேண்டுமாம். ரொஷேல் படங்களை இன்ரநெற்றில் ஏற்றிவிடலாம் என்றாள். "ஊர் பேர் தெரியாதவன்ர வீட்டில எங்கட குடும்பப் படத்தைக் கொண்டுபோய் வைக்கிறதோ?" என்றார் கிளறன்ஸ். வட்சப்பில் அந்த ஒன்றை மட்டும் அனுப்பலாம் என்றாள். அதுவும் ஆகாது. படம் இந்த வீட்டில் இருக்கும், பிறெடி இந்த வீட்டுக்குள் வந்துதான் பார்க்கவேண்டும்.

அந்த வீம்பிலிருந்துதான் ரொஷேலுக்கு யோசனை வந்தது. பழைய பெட்டியையே வீட்டுக் களஞ்சியமாக்கிவிடலாம், சாவிபோல ஒரு கடவுச்சொல் உள்ளவர்கள் மட்டும் இன்ரநெற் வழியாக வந்து பார்க்கலாம் என்றாள். பம்பலப்பிட்டியில் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கிப் பொருத்தி, படங்களை அதற்கு மாற்றி, பழைய டிஸ்கை வெறுமையாக்கிப் புதிய சிஸ்டத்தை ஏற்றினாள். "மாமா, இன்னொரு டிஸ்கும் வாங்கி அதில ஒரு கொப்பி எடுத்தாப் பிறகு மாத்துவம். அடுத்த மாசம் மட்டும் பொறுங்கோ" என்று கெஞ்சினாள்தான். சனிக்கிழமை பாதர் வருகிறார், அன்று மாலை பிறெடிக்குத் திறந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. கிளறன்ஸ் பொறுக்கவில்லை.

பாதர் றெஜி தீர்த்தம் தெளிப்பதில் கஞ்சம் காட்டாத மனிதர். மூடி திறந்த பெட்டியைக் கண்டதும், "அட, வயிறு கிழிச்ச மாதிரி வச்சிருக்கிறியள்!" என்று சிரித்து, செபத்தைச் சொல்லி, தீர்த்தத்தை மூன்று தரம் வீசித் தெளித்தார். மூன்றாவது வீச்சில் பெட்டிக்குள் 'சிர்' என்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் மணம். காற்றாடி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.

"இனி இதுக்கு வைரஸ் கிட்டவும் வராது, கிளறன்ஸ் ஐயா" என்றார் பாதர்.

"ஓம் பாதர்" என்றார் கிளறன்ஸ்.

வீட்டுக்கு வந்த குருவானவரின் முகம் வாட அவர் விடமாட்டார். முதுகை நிமிர்த்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, பாதர் ஒவ்வொரு கட்லற்றாக எடுத்து ருசிப்பதைப் பார்த்திருந்தார். "இன்னொண்டு எடுங்கோ பாதர்" என்று வாய் சொன்னது. பிறெடி சிரிக்கும் சத்தம் காதுக்குள் கேட்டபடியே இருந்தது.

பாதர் இறங்கிப் போன பிறகு ரொஷேல் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"மாமா, மூடியை ஆர் கழட்டினது?"

கிளறன்ஸ் கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த மூடியை எடுத்துவந்து நீட்டினார்.

"நல்ல வேலை. வானுக்குத் தண்ணி பட்டா வான் ஓடும். இதுக்குப் பட்டா?"

"தீர்த்தத்தால வந்ததெண்டு வெளியில கதைக்கக்கூடாது, பிள்ளை."

"கதைக்கேல்லை. மூடியாலதான் வந்தது." அவள் டிஸ்கைக் கழற்றித் துடைத்து, மேசை விசிறிக்கு முன்னால் வைத்தாள். "பவர் சப்ளை எரிஞ்சிட்டு. டிஸ்க்குக்கும் அடிச்சிருந்தா ஒண்டும் செய்யேலாது. வேற பவர் சப்ளை ஒண்டைப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். பக்கத்து வீட்டு லுத்பியாவிட்ட பழைய கொம்பியூட்டர் ஒண்டு சும்மா கிடக்கு. இருங்கோ, நான் கேட்டு வாறன்."

இரவல் கேட்கும் பழக்கம் அந்த வீட்டில் இருந்ததில்லை. ஒரு சுண்டு சீனிகூட அடுத்த வீட்டில் வாங்கியதில்லை என்று துறைமுகக் கந்தோரில் வேலை செய்த காலத்திலிருந்தே கிளறன்ஸ் பெருமையாகச் சொல்லி வந்தவர். கதவடியில் செருப்பைத் தேடி மாட்டினார்.

"நான் போறன். கழட்டினவன் நான்" என்றார்.

லுத்பியா கதவைத் திறந்து அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டாள். "அங்கிளா! உள்ளுக்கு வாங்க, ஏன் வெளிய நிக்கிறீங்க?" இத்தனை வருடத்தில் அவர் அந்தப் படியை மிதித்ததில்லை. சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். லுத்பியா சிரிக்கவில்லை. "அது தூசி புடிச்சுச் சும்மாதான் ஈக்கிது. பொட்டியோடயே கொண்டு போங்க, அங்கிள்" என்றாள்.

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் திரும்பி வரும்போது சந்தியில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ரொஷேல் பவர் சப்ளையை மாற்றிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஸ்காபரோவில் அப்போதுதான் விடிந்திருக்கும்.

"அண்ணை, நான் சாவியெல்லாம் போட்டுப் பாத்திட்டன். கதவு திறக்குதில்லையே! படம் இருக்கோ இல்லையோ?"

இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கரண்ட் இல்லை என்று சொல்லலாம். கொழும்பென்றால் அதை எவரும் நம்புவார்கள்.

"தெரியேல்லையடா" என்றார் கிளறன்ஸ். "என்ர பிழைதான். நான் மூடியைக் கழட்டிப்போட்டன். உள்ளுக்குத் தண்ணி போயிட்டுது."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. பிறெடி, "சரி அண்ணை. நான் லைனிலயே நிக்கிறன்" என்றான்.

ரொஷேல் பொத்தானை அழுத்தினாள். காற்றாடி திணறி, பிறகு சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்துக்கள் கடகடவென்று ஓடின. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பிறகு சட்டென்று நிலத்தில் சப்பாணி கொட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கு மாமா. டிஸ்க் ஏறிட்டு. எல்லாம் இருக்கு."

கிளறன்ஸ் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். முதுகு தானாகச் சாய்ந்துகொண்டது. எப்போதிருந்து அப்படி விறைத்துக்கொண்டிருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"பிறெடி, இப்ப வாடா. உள்ளுக்கு வா."

பெட்டியின் முன்புறத்தில் மிளகளவு செம்மஞ்சள் விளக்கு ஒன்று மினுங்கத் தொடங்கியது. பிறெடி அங்கே ஒரு படத்தைத் திறக்க, இங்கே அது துடித்தது. "அண்ணை, இது அம்மாவோட நீங்கள், கோட்டு போட்டுக்கொண்டு!" துடிப்பு. "ஐயோ, இந்த ஆடு எங்கட ஆடெல்லே!" துடிப்பு. ரொஷேல் வாயைப் பொத்திச் சிரித்தாள். இன்னொன்று, இன்னுமொன்று.

பிறகு விளக்கு துடிக்காமல் நின்றது. போனில் பிறெடி மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. எந்தப் படத்தில் நிற்கிறான் என்று கிளறன்ஸ் கேட்கவில்லை. துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. விளக்கு அடுத்த தரம் எப்போது துடிக்கும் என்று பார்த்தபடி, போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவர் இருந்தார்.