பச்சமுத்துவின் இலை

சிலம்பரசன் முன்னால் வைக்கிற சாப்பாடெல்லாம் அவன் கை படுவதற்குள் காணாமல் போகத் தொடங்கியது போன பங்குனியில். இட்லியானாலும் பிரியாணியானாலும் தட்டில் மிஞ்சுவது ஒரு சிட்டிகை உப்பு மட்டும்.

அதற்கு முந்தைய ஆவணியில் மரக்காணத்து உப்பளத்தில் பச்சமுத்து செத்துப்போனார். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். கருமாதியன்று அவர் மனைவி அம்சவள்ளி அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தாள். கருவாட்டுக் குழம்பு, மொச்சை, வடை, ஒரு கட்டு பீடி, பக்கத்தில் அவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். செத்தவர் வந்து கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நிற்பது அங்கே வழக்கம். திறந்து பார்த்தால் இலையையே காணோம், டம்ளரும் இல்லை. “உங்கப்பா இலையோட வாரி சாப்ட்டுட்டாருடி” என்று மகள் சரண்யாவைக் கட்டிக்கொண்டு அழுதாள் அம்சவள்ளி. மீன் மார்க்கெட்டிலும் ரேஷன் கடையிலும் பார்த்தவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னாள். ஊரும் நம்பியது.

எடுத்தது சிலம்பரசன். இடையஞ்சாவடிக்காரன், சாப்பாட்டை வைத்துக் கலை பண்ணுகிறவன். தோசையைச் சட்டம் போட்டு மாட்டிக் கைதட்டல் வாங்கியவன். உப்பளத்தைப் படமெடுக்க வந்தபோது பச்சமுத்து கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறான். கருமாதிப் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்து இலையைத் தூக்கிப் போனான். கண்ணாடி மாதிரி இறுகிக்கொள்ளும் ரெசினை அதன்மேல் ஊற்றிப் புதுச்சேரிக் கண்காட்சியில் வைத்தான். ‘பெயர் தெரியாத உப்பளத் தொழிலாளியின் கடைசிச் சாப்பாடு’ என்று கீழே ஒரு அட்டை. வந்தவர்கள் கண் கலங்கினார்களாம், அதற்கொன்றும் குறைச்சலில்லை. பங்குனியில் சரண்யா அதன் படத்தை போனில் பார்த்து அம்மாவிடம் காட்டினாள். டம்ளரில் பச்சமுத்து என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.

அம்சவள்ளிக்கு அழுகை வரவில்லை. ஏழு மாசமாகப் புருஷன் பட்டினி கிடக்க, அவர் சாப்பிட்ட கதையைத் தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை நினைத்து வயிறு எரிந்தது. உப்பளக் கரையில் போய் நின்றாள். “இந்தாங்க, கேக்குதா? உங்க இலை அவங்கிட்ட இருக்குது. அவன் வூட்டுக்கே போங்க. அவன் வாயில ஒரு பருக்கை போவக் கூடாது.” பச்சமுத்து பெண்டாட்டி சொல்லைத் தட்டாத மனுஷன். மறுநாள் காலையிலேயே சிலம்பரசனின் இட்லி போயிற்று. உப்பு மட்டும் மிஞ்சுகிறது என்று கேள்விப்பட்டபோது அம்சவள்ளிக்குச் சந்தேகமே இல்லை. நாள் முழுக்க உப்பில் நின்றுவிட்டு வந்து சோற்றிலும் உப்பா என்று உயிரோடு இருக்கும்போதே சலித்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் ஏற்றிய குளுக்கோஸை அவர் தொடவில்லை, அதில்தான் சிலம்பரசன் பிழைத்துக் கிடந்தான். சித்திரை முடிவதற்குள் எலும்பும் தோலுமாகி, தட்டில் மிஞ்சுகிற உப்பு எந்த உப்பளத்தைச் சொல்கிறது என்று விளங்கி, ரெசின் பலகையைத் தூக்கிக்கொண்டு மரக்காணம் வந்து சேர்ந்தான். ரெசினுக்குள்ளே குழம்பில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“தெரியாம பண்ணிட்டேன்க்கா. இலைய வாங்கிக்குங்க.”

அம்சவள்ளி அவன் விலா எலும்புகளைச் சாவகாசமாகப் பார்த்தாள். மனசு குளிர்ந்தது.

“இத்த கடிச்சா அவரு பல்லு போவும். நீயே வச்சிக்க. உன் வூட்டுச் சோறு அவருக்குப் பழகிப்போச்சு. வேளாவேளைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடு. அவரு சாப்ட்டு மிஞ்சுனா நீ துன்னு.”

“நீங்க ஒரு வார்த்த கூப்ட்டு சொல்லுங்கக்கா.”

“கட்டுனவர் பேர நான் எப்படிடா சொல்லுவேன்? உனக்குத்தான் தெரியாதுன்னு எழுதி வச்சியே. இப்ப கத்துக்க.”

அன்றிலிருந்து இடையஞ்சாவடியில் மூன்று வேளையும் அந்தக் குரல் கேட்கிறது. “பச்சமுத்து அண்ணே, சாப்ட வாங்க!” தெருமுனை வரை கேட்காவிட்டால் அவர் மிச்சம் வைப்பதில்லை. கல்யாணப் பந்திகளில் அவன் உட்காருவதற்கு முன்பே அவருக்கு ஒரு இலை போட்டு, உப்பு வைக்காமல் பரிமாறிவிடுகிறார்கள்; பச்சமுத்து எழுந்ததும் அதே இலையில் சிலம்பரசன் உட்காருகிறான். போன மாசம் ஒரு கல்யாணத்தில் அம்சவள்ளி எதிர்வரிசையில் இருந்தாள். காலியாகிக்கொண்டிருந்த இலையைப் பார்த்துச் சொன்னாள், “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க. மெதுவா சாப்பிடுங்க, அவசரமில்ல.”

சிலம்பரசன் கை கழுவிக்கொண்டு வந்து, அவர் எழுந்திருக்கட்டும் என்று இலைக்குப் பக்கத்தில் நின்றான்.