பூசைத் தட்டில் இரண்டு போல்ட்டு

விருதுநகர் தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் சங்கிலிமுத்து ஆசாரியின் லேத்துப் பட்டறை இருந்தது. சோறு போட்டதெல்லாம் சிவகாசி, திருத்தங்கல் அச்சாபீஸ்களுக்கு உருளையும் தண்டும் கடைந்து கொடுக்கும் வேலைதான். ஆனால் ஆசாரியின் பெருமை வேறிடத்தில் இருந்தது. துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் வைத்திருந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருந்தார். சாமிக்கு மேலேயா மாட்டுவது என்று மனைவி பொன்னுத்தங்கம் கேட்டதற்கு, "கலெக்டர் ஆபீசுக்கு ஏழு தடவ நடந்தது சாமியா, நானா?" என்றார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து கோட்டைச்சாமி ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். நாற்பது ஏக்கர் கடலைக்காடும் பருத்திக்காடும் உள்ள சம்சாரி. குண்டாற்றுக் கருவேலங்காட்டிலிருந்து பன்றிகள் இறங்கிக் கடலையைத் தோண்டிவிடும் என்பதால் அந்த வீட்டுக்கு இரண்டு துப்பாக்கி லைசென்ஸ் இருந்தது. அண்ணனுக்கு ஒன்று, தம்பி பெத்தணனுக்கு ஒன்று. பிள்ளைகள் பின்னால் அடித்துக்கொள்ளக் கூடாது என்று, அவர்கள் அப்பா ஒரே கம்பெனியில் ஒரே நாளில் வாங்கிக் கொடுத்தவை. எண்கள்கூட அடுத்தடுத்து வந்தன. அண்ணனுடையது இருபத்தேழில் முடியும், தம்பியுடையது இருபத்தெட்டில்.

அப்பா கண் மூடினார். பிள்ளைகள் கிணற்றுப் பங்குக்காக அடித்துக்கொண்டார்கள். அந்த வருஷத் தை மாதத்திலிருந்து அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பேசுவதில்லை.

அண்ணனின் துப்பாக்கியைப் பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே ஒரு மழைக்காலம் முழுக்கச் சாத்தி வைத்ததில், குழல் உள்ளே துருவேறிப் போயிருந்தது. கம்பெனிக்கு எழுதிப் புதுக் குழல் வரவழைத்தார்கள். குழலைத் திருகிப் பொருத்தும் இரும்புக் கூட்டை ஆசாரி 'பாடி' என்பார். திருகு மரை ஒன்றுதான், எந்தக் குழலும் எந்தப் பாடியிலும் ஏறும். ஏறியதெல்லாம் சேர்ந்ததாகிவிடாது. தோட்டா குழலுக்குள் உட்கார்ந்ததும், பின்னாலிருந்து போல்ட்டு என்கிற, கழற்றி மாட்டும் இரும்புத் தண்டு வந்து அதன் முதுகைத் தாங்க வேண்டும். இறுகவும் கூடாது, மயிரிழை இடைவெளி விடவும் கூடாது. இடைவெளி விட்டால், வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பின்னால் பிய்ந்து, நெருப்பு சுடுபவன் முகத்துக்கே வரும். அதனால்தான் கம்பெனிக்காரன் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் பாடிக்குக் கையால் ராவி, இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்தி அனுப்பினான்.

ஆசாரி நான்கு நாள் அந்தத் துப்பாக்கியோடு குடித்தனம் நடத்தினார். அண்ணனின் போல்ட்டை வைத்துப் புதுக் குழலை அளந்து பொருத்தினார். தம்பியின் போல்ட்டையும் அவருக்குத் தெரியும். அதே ஆவணியில் பெத்தணன் ஒரு ஸ்பிரிங் மாற்ற வந்திருந்தான். அவன் போல்ட்டு தேய்ந்து, ஒரு இம்மி குட்டையாக இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்பதால் அதை இருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"மொதலாளி, ஒங்க போல்ட்டு அண்ணாச்சி துப்பாக்கியில ஏறும், நல்லா மூடும். ஆனா மாத்திப் போட்றாதீக. உசுருக்கு ஆபத்து" என்றார் பெத்தணனிடம்.

"அவரு சாமானை நான் எதுக்குத் தொடப்போறேன்" என்றான் பெத்தணன்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சரஸ்வதி பூசைக்குக் கலப்பை, கதிரரிவாளோடு துப்பாக்கிகளையும் வைப்பார்கள். பிள்ளைகள் கைபட்டு ஏதாவது ஆகிவிடக் கூடாதென்று போல்ட்டைக் கழற்றித் தாம்பாளத்தில் தனியாக வைப்பது அப்பா காலத்து ஏற்பாடு. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூசை முடிந்த பிறகே மாட்டுவார்கள். பூசிய சந்தனத்தை யாரும் துடைக்கக் கூடாது. அதுவாக உதிர வேண்டும். பாகம் பிரிந்தும் பூசை மட்டும் பிரியவில்லை. பெத்தணன் வரமாட்டான், வேலையாள் கண்ணுச்சாமியிடம் துப்பாக்கியைக் கொடுத்தனுப்புவான்.

அந்த வருஷம் கோட்டைச்சாமி ஆசாரியைக் கூப்பிட்டு, "நீங்க தொட்ட பொருளு. நீங்களே கழட்டி நீங்களே மாட்டணும்" என்றார். முதல் வெற்றிலை பாக்கும் ஆசாரிக்கே. இப்படி ஒரு மரியாதை வந்தால் ஆசாரி தரையிலா நடப்பார்? கழற்றினார். அண்ணனுடையதைத் தட்டின் வலப்பக்கம், தம்பியுடையதை இடப்பக்கம் வைத்தார். தாராளமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். எண்கள் சந்தனத்துக்கு அடியில் போயின. அது ஒன்றும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வலம் அண்ணன், இடம் தம்பி.

விஜயதசமி காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். தீபாவளி சீசன். லேபிள் அடிக்கும் மிஷினுக்கு ஒரு தண்டு அன்றே வேண்டும் என்று திருத்தங்கல் அச்சாபீஸ்காரர் முந்தின நாளே ஆள் அனுப்பியிருந்தார். மறுபூசை முடிந்தது. வலப்பக்கப் போல்ட்டை எடுத்து அண்ணன் துப்பாக்கியில் செருகினார். வழுக்கிக்கொண்டு போய் மூடியது. இடப்பக்கத்தைத் தம்பியுடையதில் செருகினார். அதுவும் மூடியது. தோட்டா போட்டுப் பார்த்திருந்தால் கை சொல்லியிருக்கும். பூசை அறையில் யார் தோட்டா போடுவார்கள்? எண்ணைப் பார்க்க ஒருதரம் கட்டைவிரலைச் சந்தனத்துக்கு மேலே கொண்டுபோனார். பக்கத்தில் கோட்டைச்சாமியின் மனைவி பஞ்சம்மாள் நின்றிருந்தாள். துடைக்கக் கூடாத சந்தனம். என் கைக்குத் தெரியாததா என்று விரலை எடுத்துக்கொண்டார். வெற்றிலை பாக்கை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

எட்டாம் நாள், பொழுது விடியும் நேரத்தில் கடலைக்காட்டில் வெடிச் சத்தம் கேட்டது. பன்றி விழுந்தது என்று நினைத்த பஞ்சம்மாள், மிளகு அரைக்க அம்மியைக் கழுவினாள். பன்றி விழவில்லை. கோட்டைச்சாமியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டாசுக் கம்பெனி விபத்துகளைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களே அந்த முகத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பித்தளைத் துண்டு ஒன்று வலக்கண் வழியாக உள்ளே போயிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து செத்தார்.

செய்தி கேட்டதும் குழலைத்தான் சரியாகப் பொருத்தவில்லையோ என்று ஆசாரி பயந்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இரண்டு துப்பாக்கிகளையும் பட்டறை மேசையில் வைத்தார்.

"இத பாத்து எழுதிக் குடுக்க ஒங்கள விட்டா ஆள் இல்ல. அண்ணன் துப்பாக்கியில தம்பி போல்ட்டு கெடக்கு. தம்பி துப்பாக்கியில அண்ணன் போல்ட்டு. அது ஆபத்துன்னு நீங்களே தம்பிகிட்டச் சொல்லியிருக்கீக, அவனே ஒத்துக்கிட்டான். பூசைக்கு ஒண்ணா வச்சப்ப ஆளவிட்டு மாத்தியிருக்கான். பெத்தணனப் பிடிச்சு வச்சிருக்கோம். தூக்குக் கயிறுதான்."

ஆசாரி போல்ட்டை எடுத்தார். காய்ந்த சந்தனம் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. எண்ணைப் படித்தார். பாடியைப் படித்தார். குழல் பொருத்தியதில் ஒரு குறையும் இல்லை. போல்ட்டை மாற்றிப் போட்டது அவருடைய கைதான்.

"ரெண்டு நாள் குடுங்க, சரியாப் பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் போனதும் பொன்னுத்தங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு. நீங்க உள்ள போயிட்டா நாங்க யாரு வாசல்ல நிக்க?"

"அவன் தூக்குல தொங்குவான், தங்கம்."

"அவுக பணக்காரவுக. வக்கீல் வைப்பாக. வெளிய வந்துருவாக. நமக்கு யாரு இருக்கா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆசாரியும் ஒன்றரை நாள் அதையே சொல்லிப் பார்த்தார். லேத்தில் தண்டை மாட்டினால் தண்டு தெரியவில்லை. செய்யாத குற்றத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் பெத்தணன்தான் தெரிந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் சட்டத்தோடு லைசென்ஸைக் கழற்றி, துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். பொன்னுத்தங்கம் தடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"மாத்திப் போட்டது நான்தான்யா. நம்பர் பாக்காம மாட்டிட்டேன்" என்று ஆசாரி சொன்னதை இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. பெத்தணன் ஆட்கள் மிரட்டினார்களா என்று கேட்டார். பிறகு பஞ்சம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விஜயதசமி காலையில் பூசை அறையைக் கூட்டத் தாம்பாளத்தைத் தூக்கியதாகவும், திரும்ப வைக்கும்போது தட்டின் எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை என்றும் அவள் சொன்னாள். வலம் இடமானது அப்படித்தான். சொல்லி முடித்துவிட்டு அவள் ஆசாரியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

பெத்தணனை விட்டுவிட்டார்கள். கவனக்குறைவால் உயிர் போனதற்கு ஆசாரிக்கு ஆறு மாதம் ஜெயில். லைசென்ஸ் போனது. திரும்பி வந்தபோது மூத்த பெண் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அச்சாபீஸ்காரர்கள் வேறு லேத்துக்குப் போய்விட்டார்கள். ஆசாரிக்கு இருந்த ஒரே ஆறுதல், ஒரு மனிதனைத் தூக்கிலிருந்து இறக்கிவிட்டோம் என்பதுதான். ஜெயிலில் அதை நினைத்துத்தான் களியை விழுங்கினார்.

வெளியே வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு காலையில் பெத்தணன் ஒரு மூட்டை கடலையோடு பட்டறைக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"இதெல்லாம் எதுக்கு மொதலாளி" என்றார் ஆசாரி. உள்ளுக்குள் மனசு குளிர்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெத்தணன் மூட்டையை இறக்கிவிட்டு நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"விஜயதசமி அன்னைக்குச் சாயங்காலம் எங்காட்டுல பன்னி எறங்குச்சு ஆசாரியாரே. தோட்டாவப் போட்டு மூடுனேன், மூடல. இறுக்கிப் பிடிச்சிருச்சு. என்னடான்னு சந்தனத்தத் தொடச்சுப் பாத்தேன். இருபத்தேழுன்னு இருந்துச்சு. அவரு போல்ட்டு."

ஆசாரிக்கு முதலில் புரியவில்லை.

"அப்ப ஒங்க போல்ட்டு அவருகிட்ட இருக்குன்னு..."

"தெரியும்."

"எட்டு நாளு இருந்துச்சே. சொல்லியிருக்கலாமே மொதலாளி."

"நான் போய்ச் சொன்னா, நான் முதல்ல வாயத் தெறந்த மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டேன். கண்ணுச்சாமிகிட்டச் சொல்லி விடலாம்னு நெனச்சேன். அவன் மறுநாளு வேலைக்கு வரல. அப்புறம் விட்டுட்டேன்."

"நீங்க அத வச்சுச் சுட்டீகளா?"

"இல்ல. நீங்கதான் உசுருக்கு ஆபத்துன்னு சொன்னீகளே."

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஆறு மாதமும், பெண்ணின் விரலில் ஏறியிருந்த தீப்பெட்டி மருந்தும், பஞ்சம்மாள் தூற்றிய மண்ணும் ஒன்றாக ஆசாரியின் நினைவில் வந்தன. இந்த மனிதனுக்காகவா என்று நினைத்தார். உடனே, என் கை மாட்டியதை இவன் மாட்டவில்லையே என்றும் நினைத்தார். எது பெரிய பாவம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இத என்கிட்ட எதுக்கு வந்து சொல்லுதீக?"

பெத்தணன் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இப்ப மதினி தெனமும் எனக்குச் சோறு குடுத்து விடுறாக. வீணா ஒம்மேல சந்தேகப்பட்டுட்டேன், என்ன மன்னிச்சிருய்யான்னு கையப் பிடிச்சு அழுதாக. மத்தியானமானா தூக்குச்சட்டி வந்துருது. நானும் சாப்பிடுதேன், ஆசாரியாரே."