இரண்டு புள்ளி ஆறு

வெர்னா டட்டில் தன் மார்புப் புற்றுநோயை மகளுக்குத் தாரை வார்த்துக் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில்.

"இன்டர்வியூல உன் மார்க்கப் பத்திக் கேப்பாங்கல்ல? என் நோயச் சொல்லிடுடி," என்றாள், உருளைக்கிழங்கு மசியலை மகளின் தட்டில் வைத்தபடி. "முடி கொட்டி, வாந்தி எடுத்து, ஒரு வருஷம் நாயா அவதிப்பட்டேன். அதால யாருக்காவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டுமே."

"அம்மா, நான் கோட்ட விட்டது காலேஜ்ல மொத ரெண்டு வருஷம். உனக்கு வந்தது கடைசி வருஷம்."

"தேதிய எவன்டி பாக்கப் போறான்?"

கொரீனுக்கு இருபத்தெட்டு வயது. ஒஹாயோவில், பிறந்த ஊரான லைமாவிலேயே, ஆம்புலன்ஸில் முதலுதவிக்காரியாக வேலை. கல்லூரியில் அவள் எடுத்த சராசரி நாலுக்கு இரண்டு புள்ளி ஆறு. அங்கே பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அதற்கு மனுப்போடுகிறவர்கள் மூன்றரைக்கு மேல் வைத்துக்கொண்டே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டு புள்ளி ஆறைக் கேட்டால் அவர்கள் மரியாதையாகப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்த மார்க்குக்குப் பின்னால் சொல்லிக்கொள்ள ஒரு துயரமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைத் தொடாமலே முதல் மாணவியாக வந்தவள். கல்லூரியிலும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். காலை எட்டு மணிக்கு கரிம வேதியியல் வகுப்பு. முந்நூறு பேர் உட்காரும் கூடத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று எவரும் கேட்பதில்லை. விடுதித் தோழிகளோடு பில்லியர்ட்ஸ் ஆடிவிட்டு விடிகிற நேரத்துக்குப் படுப்பவள் எங்கே எட்டு மணி வகுப்புக்குப் போவது? முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை தட்டுத் தடுமாறிக் கரையேறினாள். மூன்றாம் வருஷம் புத்தி வந்தது. ஆனால் அதற்குள் சராசரி பாதாளத்துக்குப் போயிருந்தது. பிறகு மாலைநேரக் கல்லூரியில் சேர்ந்து பாடம் பாடமாக முதல் தரம் வாங்கினாள். நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண்தான். என்றாலும் பழைய எண் அசைந்து கொடுக்கவில்லை. உப்புக் குளத்தில் குடம் குடமாக நல்ல தண்ணீரை ஊற்றுவதுபோல இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் மனுப்போட்ட கல்லூரிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. இந்த முறை இரண்டு இடங்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது.

"உங்கம்மா சொல்றதுல என்ன தப்பு?" என்றான் ராஸ்கோ, ஆம்புலன்ஸை ஓட்டியபடி. ஐம்பதைத் தாண்டிய ஆள், ஐந்து வருஷமாக அவளோடு ஒரே வண்டியில் வேலை பார்ப்பவன். "எல்லாரும் ஒரு கதையச் சொல்லித்தான் உள்ள போறான். உண்மைய நீ மட்டும் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருக்கியா, டாக்டரம்மா?"

"டாக்டரம்மாங்காதே. சீட்டே இன்னும் கெடைக்கல."

"கெடைச்சப்புறம் கூப்பிட்டா அதுல என்ன கிண்டல் இருக்கு?"

உண்மையில் கொரீன் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தாள். முதல் நேர்முகம் மாநிலத் தலைநகரில், பெரிய பல்கலைக்கழகத்தில். காரில் போகும்போது வழியெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். 'அந்தச் சமயத்தில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.' எட்டு மாதிரி சொல்லிப் பார்த்ததில், குரல் லேசாக உடைகிற மாதிரிதான் நன்றாக இருந்தது.

கேள்வி கேட்டவர் டாக்டர் ஹோல்கம். சிறுநீரக மருத்துவர். ஒல்லியான, நரைத்த அம்மாள். கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மொத ரெண்டு வருஷம் ரொம்ப மோசமா இருக்கேம்மா. வீட்ல ஏதாவது கஷ்டமா?"

அவரே பொய்க்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வா வா என்கிறார். கொரீன் வாயைத் திறந்தாள். வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. கூடவே ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மருந்தேற்றிய அறையும் கண்ணுக்குள் வந்து நின்றது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, மடியில் பிளாஸ்டிக் பேசினோடு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு குமட்டலுக்கு நடுவே, "அந்தப் படத்துக்குக் கீழ என்னடி எழுதியிருக்கு, படிச்சுக் காட்டு" என்கிறாள். கொரீன் உடலியல் பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறாள். கல்லூரியில் அவள் மிக உருப்படியாகப் படித்த வருஷம் அதுதான்.

"இல்ல டாக்டர். அந்த ரெண்டு வருஷமும் வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. நான்தான் காலையில எந்திரிக்கல."

"ரெண்டு வருஷமும்?"

"ரெண்டு வருஷமும்."

டாக்டர் ஹோல்கம் சிரித்துவிட்டார். அதன்பின் பேச்சு நன்றாகவே போனது. எழுந்து கதவுவரை வந்து கைகுலுக்கி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, இடமில்லை என்று பதில் வந்தது.

வெர்னா குதித்தாள். "வெள்ளித் தட்டுல வச்சு நீட்டினேன், வேண்டாம்னுட்டு வந்திருக்கியே! உனக்காக இன்னொரு தடவ வரவழைச்சுக்க முடியுமாடி அத?"

"வாய் வரலம்மா. காலேஜ்ல நான் ரொம்ப ஒழுங்காப் படிச்சதே நீ படுத்திருந்த வருஷம்தான். உன்னாலதான் கெட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

வெர்னா விருட்டென்று தன் அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து மகளோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கிருந்து வந்ததும் கொரீனின் பங்கை அடுப்பில் சூடாக வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டுக்கொள்வாள்.

இரண்டாவது நேர்முகம் கென்டக்கி மலைப்பக்கத்தில், பழைய சுரங்க ஊர் ஒன்றிலிருந்த சிறிய கல்லூரியில். இந்த முறை கொரீன் காலையில் எழாத கதையையே சீராகச் சொல்லிப் பழகிக்கொண்டு போனாள். எதிரே மூன்று பேர். அவர்கள் ஆம்புலன்ஸைப் பற்றியே கேட்டார்கள். பனி விழுந்து சாலை மூடினால் என்ன செய்வீர்கள்? சின்ன ஊரில் இருப்பீர்களா, படித்து முடித்ததும் ஓடிவிடுவீர்களா?

"மாரடைப்பு வந்தவரு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அடம் பிடிச்சா?" என்று கேட்டார், நடுவில் இருந்தவர்.

கொரீன் நடந்ததையே சொன்னாள். பண்ணைக்காரர் ஒருவர், மாட்டுக்குத் தீவனம் வைக்காமல் வரமாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டார். "ராஸ்கோன்னு கூட வேல பாக்கறவர். அவர் போயித் தீவனம் வச்சார். நான் பக்கத்துல உக்காந்து நாடியப் பாத்துக்கிட்டு, மாடுங்க பேரெல்லாம் கேட்டேன். நாலாவது மாட்டுக்கு வரும்போது அவரே எந்திரிச்சு வண்டியில ஏறிட்டார்."

"பொழச்சாரா?"

"அன்னிக்குப் பொழச்சார். அடுத்த குளிர்காலத்துல போயிட்டார்."

அவ்வளவுதான், நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காருக்கு வந்தபின் கொரீனுக்கு என்னவோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, 'ஒன்று கேட்க மறந்துவிட்டீர்களே' என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை, வண்டியை எடுத்தாள்.

மார்ச் மாதம், ராஸ்கோ வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது கென்டக்கிக் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. கேட்டுவிட்டு கொரீன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஸ்கோ பயந்துபோய் ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுக்க ஓடினான். விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரனிடம், "இவ டாக்டருய்யா," என்றான். அவன் யாரென்று இருவருக்குமே தெரியாது.

வெர்னா செய்தியைக் கேட்டு மகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மார்க்குக்கு என்னடி சொன்ன?"

"அவங்க கேக்கவே இல்லம்மா."

"கேக்கவே இல்லியா? அப்ப நான் இத்தன நாளா உன்கூடப் பேசாம இருந்தது?"

"அது சும்மாதான்."

"அடிப்பாவி! மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? எனக்கு வாய் எவ்வளவு நமநமன்னு இருந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தவள், விட்டுப்போன ஊர்க்கதை அத்தனையையும் அன்று சாயங்காலமே சொல்லித் தீர்த்தாள்.

ஆகஸ்டில் கல்லூரி திறந்தது. முதல் தேர்வு உயிர்வேதியியல். கொரீனுக்கு எழுபத்திரண்டு வந்தது. எழுபது எடுத்தால் தேர்ச்சி. முன்வரிசையில் ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், எண்பத்தைந்துதான் வந்தது என்று விசும்பிக்கொண்டிருந்தாள். கொரீன் பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினாள். பிறகு, தான் தவறவிட்ட கேள்விகளில் முதலாவதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.